முதலாளி ஏன் நொண்டினார்

இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தும் அவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வீடு நாலாவது மாடியில். பகல் முழுக்க ஊரார் ஏறி இறங்க வழி செய்து கொடுத்துவிட்டு, சாயங்காலம் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுபத்திரண்டு படிகளையும் ஏறி வருவார். மூன்றாவது மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தையல் மெஷின் மிதிக்கும் அம்மா, "என்ன சார், இன்னிக்கும் லிஃப்ட விட்டுட்டு நடந்தே வர்றீங்களா?" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்டுவிடுவார். அவரும் வாரத்துக்கு ஒருமுறை சிரித்து வைப்பார்.

வேலைக்குப் போகும் கட்டடங்களில் அவருக்கு 'மேலகீழ' என்று பெயர். வைத்தது யார் என்று தெரியாது. "மேலகீழ வந்துட்டாரு, பத்து நிமிஷம் படியில போங்க" என்று காவலாளிகள் குரல் கொடுப்பார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குள் போய், ஓடும் இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு கீழே வந்து எல்லாரிடமும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நிக்கறதுக்கு முன்னாடி கடைசியா யாரு தொட்டது?"

அந்தக் கேள்வியில் கோபம் இருக்காது. ஆனால் பாதிக் கோளாறு அதிலேயே பிடிபட்டுவிடும். கதவு மூடாமலிருக்கப் பூந்தொட்டியை முட்டுக்கொடுத்தவர், பீரோவை உள்ளே திணித்து ஓரத்தை நசுக்கியவர், அவசரத்தில் பொத்தானைக் குத்து குத்தென்று குத்தியவர், யாராவது ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வருவார். எதற்கும் ஒரு காரணம் உண்டு, காரணத்துக்குப் பின்னால் ஒரு கை உண்டு என்பது அவர் அனுபவம்.

வீட்டில் அவரும் மனைவியும்தான். மகள் வேறு ஊரில் தங்கிப் படித்தாள். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. மகளின் அறையில் பத்து மாதமாக மச்சான் இருந்தான், மனைவியின் தம்பி. ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டியவன். கம்பெனியை மூடிவிட்டார்கள். "பத்து நாள் இருந்துட்டுப் போறேன்க்கா" என்று வந்தவன், பத்து நாள் பத்து மாதமானதை ஒவ்வொரு நாளும் உணர்ந்தபடி இருந்தான். யாரும் சொல்லாமலே பாத்திரம் துலக்குவான். தட்டில் கரண்டி படும் சத்தம்கூடக் கேட்காமல் சாப்பிடுவான். அவனும் அவரும் ஒரே லிஃப்டில் மாட்டிக்கொண்ட இரண்டு வெளியாட்களைப்போல, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள்.

அந்த நிலைமையை மாற்றியது ஒரு நாய்க்குட்டி. சரக்குக் கிடங்கு ஒன்றில் லிஃப்ட் பழுது பார்க்கப் போனபோது, அங்கே காவலுக்கு இருந்த பெரிய பெண் நாய் குட்டி போட்டிருந்தது. கிடங்குக்காரர் ஒன்றைத் தூக்கி அவர் பைக்குள் வைத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. குட்டியின் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் பாதங்கள் தடித்தடியாக இருந்தன.

"நாலு மாடி ஏறி நமக்கே நாக்கு தள்ளுது. இது வேறயா?" என்றாள் மனைவி. சொல்லிக்கொண்டே பால் ஊற்ற ஒரு கிண்ணம் தேடினாள்.

குட்டி நடுக்கூடத்தில் உட்கார்ந்து மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துக் குரைத்தது. மூன்று பேரும் மூன்று பக்கம் ஓடினார்கள். ஒருவர் பழைய துணிக்கு, ஒருத்தி பாலுக்கு, ஒருவன் துடைப்பத்துக்கு. துடைப்பத்தோடு வந்த மச்சான் சொன்னான்: "ஒருவழியா எனக்கு ஒரு முதலாளி கிடைச்சுட்டாருக்கா."

வேலை போன பிறகு அவன் அடித்த முதல் ஜோக் அது. அக்கா சிரித்து, பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து நாய்க்கு 'முதலாளி' என்பதே பெயர், அதுவும் 'ஆர்' போட்ட மரியாதையோடு. முதலாளி சாப்பிட்டார், முதலாளி தலையணையைக் கிழித்தார். ஒருநாள் லிஃப்ட் கம்பெனி மேலாளர் பக்கத்தில் நிற்கும்போது மெக்கானிக் போனில், "முதலாளி மறுபடியும் செருப்பத் தூக்கிட்டுப் போயிட்டாரா?" என்று கேட்டுவைக்க, மேலாளர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

பகலில் மச்சான் முதலாளியை வெளியே கூட்டிப்போவான். சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து போவார்கள். பேச விஷயம் கிடைத்தது. பல் விழுந்து முளைத்ததைப் பற்றிப் பேசினார்கள், எந்தத் தெருவில் எந்தப் பூனை என்று பேசினார்கள். ஏழு மாதத்தில் முதலாளி இருபத்தெட்டு கிலோ ஆகிவிட்டார். பாதத்துக்கு ஏற்ற உடம்பு வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் ஒருநாள் காலையில் முதலாளி நொண்ட ஆரம்பித்தார்.

வலது முன்னங்கால். தரையில் வைப்பதும், சுட்டதுபோல் எடுப்பதுமாக இருந்தது. மெக்கானிக் டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் படுத்துவிட்டார். விரல் இடுக்குகள், நகங்கள், பாதத்தின் அடி எல்லாவற்றையும் பார்த்தார். முள் இல்லை, கண்ணாடித் துண்டு இல்லை, வீக்கமும் இல்லை. மத்தியானம் முதலாளி சாதாரணமாக நடந்தார். மறுநாள் காலை மறுபடி நொண்டல்.

"நாம போடற வலி மாத்திரையக் கொடுத்துடாதீங்க. அதுங்களுக்கு அது விஷம்" என்று மனைவி எச்சரித்தாள். அவர் மாத்திரை கொடுக்கவில்லை. ஆனால் கூட வேலை செய்பவர் ஒருவர், "வளர்ற நாய், எலும்புல சத்து இருக்காது, சுண்ணாம்புச் சத்துப் பொடி போடுங்க" என்று சொல்லியிருந்தார். பொடிதானே என்று ஒரு டப்பா வாங்கி, தினமும் சாப்பாட்டில் இரண்டு கரண்டி கலந்தார். ஒரு கரண்டி என்று டப்பாவில் போட்டிருந்தது. முதலாளி பெரிய உடம்பு என்று அவராகவே இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டார்.

இரண்டு தெரு தள்ளி ஒரு கால்நடை டாக்டரம்மா இருந்தார். அங்கே கூட்டிப்போனபோது, காத்திருக்கும் இடத்தில் யாரோ கூடையில் பூனை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் முதலாளி கால் வலியை மறந்துபோனார். நாலு காலும் கம்பீரமாக ஊன்றி, அணிவகுப்பில் போவதுபோல் உள்ளே போனார். டாக்டரம்மா தோளையும் முட்டியையும் மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"மூட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒரு வாரம் ஓட விடாதீங்க, படியக் குறைங்க. மறுபடி நொண்டுச்சுன்னா நொண்டும்போதே கூட்டிட்டு வாங்க."

அவர் தலையாட்டினார். மனசு ஒப்பவில்லை. லிஃப்டிலும் இப்படி உண்டு. குடியிருப்பவர்கள் பத்து தடவை போன் போடுவார்கள். இவர் போய் நின்றதும் அது பட்டுப்போல ஓடும். வந்து போகிற கோளாறு. வேலையில் அவருக்குத் தூக்கத்தைக் கெடுப்பது அது ஒன்றுதான். காரணம் இல்லாமல் எதுவும் நிற்காது, காரணம் இல்லாமல் எதுவும் நொண்டாது. அவருக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்துத் தையல்கார அம்மா படியில் அவரை நிறுத்தினார். "சார், சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. நேத்து மத்தியானம் உங்க நாய் வீல்னு கத்துச்சு. எட்டிப் பாத்தேன். உங்க மச்சான் படியில நின்னுட்டிருந்தாரு. என்னாச்சுன்னு கேக்கறதுக்குள்ள மேல போயிட்டாரு."

மீதிப் பதினெட்டுப் படிகளை ஏறுவதற்குள் அவர் மனதில் எல்லாம் பொருந்திவிட்டது. பகலில் வீட்டில் இருப்பது யார்? முதலாளி யார் கையில் இருக்கிறார்? ஒரு கை கிடைத்துவிட்டது.

சாப்பிடும்போது கேட்டார். "மாப்ளே, நேத்து படியில என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்ல மாமா. இறங்கறப்போ கத்திச்சு. அதுக்கப்பறம் தூக்கிட்டு வந்துட்டேன்."

"விழுந்துச்சா?"

"இல்ல."

"கயித்தப் புடிச்சு இழுத்தியா?"

"இல்ல மாமா."

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு, கட்டடக் காவலாளியிடம் பேசும் அதே பொறுமையான குரலில், "நான் கோவிச்சுக்க மாட்டேன். உண்மைய மட்டும் சொல்லு. என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் வைத்தியம் பாக்க முடியும்" என்றார்.

மனைவியின் கை குழம்புக் கரண்டியோடு அந்தரத்தில் நின்றது. மச்சான் தட்டைப் பார்த்தபடி சொன்னான்: "நான் அடிக்கல. உதைக்கல. கீழ போடல. வேற என்ன மாமா சொல்லணும்?"

"சும்மாவா கத்தும்?"

மச்சான் எழுந்து தட்டைக் கழுவி வைத்தான். மறுநாள் காலை அறையில் படுக்கை மடித்து வைத்திருந்தது. துணிப்பையைக் காணோம். அக்காவுக்கு மட்டும் போனில் ஒரு வரி அனுப்பியிருந்தான், நண்பன் ஒருவனோடு தங்கிக்கொள்வதாக.

"லிஃப்டப் பாக்கற மாதிரியே மனுஷங்களையும் பாக்கறீங்க" என்றாள் மனைவி. அன்று அவள் சொன்னது அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த சில நாளில் முதலாளியின் வலது கால் சரியாகிவிட்டது. சுத்தமாக நொண்டல் இல்லை. ஆள் போனான், நோயும் போயிற்று என்று அவர் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் முகத்தில் அது எழுதியிருந்தது. மனைவி அதைப் படித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். முதலாளிக்கு மட்டும் கணக்கு சரிவரவில்லை. மத்தியானத்தில் மகள் அறைக் கதவுக்கு வெளியே படுத்து, கதவிடுக்கில் மூக்கை வைத்து மோந்துகொண்டிருப்பார்.

பதின்மூன்றாவது நாள் விடுமுறை. காலையில் அவர் முதலாளியை வெளியே கூட்டிப்போகக் கயிற்றை எடுத்தார். முதலாளி எழுந்தார், சோம்பல் முறித்தார். பிறகு பின்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் தூக்கிக்கொண்டு நின்றார்.

இடது பின்னங்கால்.

தான்தான் குழம்பிப்போனோமோ என்று நினைத்தார். போனில் முன்பு எடுத்து வைத்திருந்த வீடியோவைத் தேடிப் பார்த்தார். சந்தேகமே இல்லை, அது வலது முன்னங்கால். இது வேறு கால். மச்சான் போய்ப் பதின்மூன்று நாள் ஆகிறது. இடையில் முதலாளியை வெளியே கூட்டிப்போனது அவர் ஒருவர்தான். விழவில்லை, இழுக்கவில்லை, அடிக்கவில்லை. நிற்பதற்கு முன்னால் கடைசியாகத் தொட்டது யார்?

கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். முதலாளி நொண்டி நொண்டி வந்து மடியில் தலையை வைத்தார்.

அவருக்கு வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது ஞாபகம் வந்தது. அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் கதவு ஒருவர் கையை நசுக்கிவிட்டது. முதல் நாள் அந்தக் கதவைச் சரிபார்த்தவர் இவர்தான். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்து இதே கேள்வியைக் கேட்டார்கள். இவர் சொன்னார். மறுபடி கேட்டார்கள். மறுபடி சொன்னார். மூன்றாம் முறை கேட்டபோது, இவர்களுக்கு வேண்டியது என் பதில் இல்லை என்று புரிந்தது. இரண்டு வாரம் வீட்டில் உட்கார வைத்தார்கள். பிறகு கதவின் மின்சுற்றில் ஏதோ ஒரு சின்னப் பாகம் தொழிற்சாலையிலிருந்தே பழுதாக வந்தது தெரிந்தது. திங்கள்கிழமை வேலைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். யாரும் வேறெதுவும் சொல்லவில்லை. அந்த இரண்டு வாரமும் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாமல் போனது, இத்தனை வருஷம் கழித்தும் அவருக்கு மறக்கவில்லை. அப்படிப்பட்டவர்தான் இரண்டு வாரத்துக்கு முன்னால் மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறார்.

"அது நொண்டும்போதே கூட்டிட்டு வரச் சொன்னாங்கல்ல?" என்றாள் பின்னால் வந்து நின்ற மனைவி. "கிளம்புங்க. நானும் வர்றேன்."

இருபத்தெட்டு கிலோவை நாலு மாடி இறக்குவதற்குள் அவருக்கு இடுப்பு கழன்றுவிட்டது. மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க நின்றார். மச்சான் ஒற்றை ஆளாக எத்தனை முறை இப்படித் தூக்கினானோ தெரியவில்லை. தையல்கார அம்மா எட்டிப் பார்த்ததும் நாய் கத்தி முடிந்த பிறகுதானே, என்ன நடந்தது என்று அவரும் பார்க்கவில்லையே?

டாக்டரம்மா இந்த முறை மூட்டுகளை விட்டுவிட்டு, இரண்டு மூட்டுக்கும் நடுவில் எலும்பின் நீளத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார். பின்னங்காலில் ஓர் இடத்தில் முதலாளி வீலென்று கத்தினார். மெக்கானிக் திடுக்கிட்டார். தையல்கார அம்மா சொன்ன சத்தம் இதுதான்.

வீடியோவைப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் காட்டினார். எலும்புக்குள்ளே கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளையாகத் திட்டுத்திட்டாக ஏதோ படர்ந்திருந்தது.

"பெரிய சாதி நாய்ங்களுக்கு வளர்ற வயசுல வர்றதுதான். எலும்புக்குள்ள வலி. ஒரு கால்ல வரும், அது ஆறும், அப்பறம் வேற கால்ல வரும். ஒண்ணரை வயசு வரைக்கும் இப்படி விட்டு விட்டு வரலாம். அப்பறம் தானா நின்னுடும்." நீளமான பேர் ஒன்றும் சொன்னார். அது அவர் காதில் நிற்கவில்லை.

"யாராவது அடிச்சு..."

"இல்ல."

"படியில தவறி விழுந்து, இழுத்து..."

"இல்லங்க. அடிபட்டு வர்றது ஒரே கால்ல இருக்கும், இப்படி ஊர் சுத்தாது. இதுக்கு யாரையும் சொல்லிக் குத்தமில்ல." டாக்டரம்மா மருந்து எழுதிக்கொண்டே கேட்டார்: "சாப்பாட்டுல தனியா ஏதாவது சேக்கறீங்களா?"

அவர் பொடியைப் பற்றிச் சொன்னார். இரண்டு கரண்டி என்பதையும் சொன்னார். மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னியோட நிறுத்திடுங்க. அதனாலதான் இது வந்துச்சுன்னு நான் சொல்லல. ஆனா இப்படி வேகமா வளர்ற நாய்க்கு அது நல்லது பண்ணாது, எலும்பக் கெடுக்கும். வலி இருக்கற நாள்ல ஓய்வு கொடுங்க, நான் எழுதற மருந்த மட்டும் கொடுங்க. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம். காத்திருங்க."

வேறு ஒன்றும் பண்ண வேண்டாம் என்று அவரிடம் யாரும் இதுவரை சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து டப்பாவைக் குப்பையில் போட்டார். யாரையும் சொல்லிக் குத்தமில்லை என்ற வார்த்தை ஆறுதலாக இருக்க வேண்டியது. அவருக்கு அது அன்று பெரிய சுமையாக இருந்தது. முதலாளியின் மேல் கொண்ட அக்கறையால்தான் கேட்டோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். அக்கறை இருந்தது உண்மைதான். ஆனால் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல், பக்கத்தில் கிடைத்த ஆளைப் பிடித்துக் காரணமாக்கியதும் உண்மை. அதிலும், திருப்பிக் கேட்க நாதியில்லாத ஆளை.

மறுநாள் மத்தியானம், மச்சான் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பார்சல் கிடங்குக்குப் போனார். முகவரியை மனைவி எழுதிக்கொடுத்தாள். கூட வருவதாகச் சொல்லவில்லை. பெட்டிகள் ஏற்றும் மேடையின் ஓரத்தில் மச்சான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்தான்.

"முதலாளிக்கு ஏதாவது..."

"நல்லாருக்காரு. உக்காரு, சாப்பிடு." அவர் நின்றுகொண்டே பேசினார். உட்கார்ந்தால் சொல்லவந்தது வராது என்று பயம். "வளர்றதால வர்ற வலியாம். யாரும் எதுவும் பண்ணல. நீ சொன்னதுதான் நிஜம். நான் உன்ன நம்பல. தப்பு எம்மேல மாப்ளே."

மச்சான் பாத்திரத்தின் மூடியைத் திருகி மூடினான். "நீங்க கேட்டதுல எனக்கு வருத்தம் இல்ல மாமா. யாரா இருந்தாலும் கேப்பாங்க. இல்லன்னு சொன்னப்பறம் மறுபடி கேட்டீங்க பாருங்க. அதான்."

"ஆமா" என்றார் அவர்.  

"எந்தக் கால் இப்ப?" என்று கேட்டான் மச்சான்.

"இடது பின்னங்கால்."

"பின்னாடியா? அங்கயும் போயிடுச்சா? பாவம், முதலாளி கிளை திறந்துட்டே போறாரு."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அவர் அப்போதுதான் மேடையில் உட்கார்ந்தார். வீட்டுக்குத் திரும்பி வரும்படி கூப்பிட்டார். மச்சான் தலையசைத்தான். "இல்ல மாமா. இங்க வேலை செட்டாயிடுச்சு. ரூமும் பரவால்ல. கோவம் இல்ல, நிஜமாத்தான் சொல்றேன். அங்க இருந்தா நான் கரண்டிச் சத்தம் கேக்காமயே சாப்பிட்டுட்டு இருப்பேன். ஞாயித்துக்கிழமை வர்றேன்."

சொன்னபடி வந்தான். முதல் ஞாயிறு அவனைக் கண்டதும் முதலாளி மூன்று காலில் ஓடி வந்து, அவன்மேல் ஏறி விழுந்து, வலியில் கத்தி, கத்தியதை மறந்து மறுபடி ஏறினார். மனைவி அன்று தம்பிக்கு இரண்டு ஆள் சாப்பாடு வைத்தாள். அவன் வாய் ஓயாமல் கிடங்குக் கதை பேசிக்கொண்டே சாப்பிட்டான்.

அதன்பிறகு வலி இன்னும் மூன்று முறை வந்தது. இடது முன்னங்காலில் வந்தது மோசம், பன்னிரண்டு நாள் இருந்தது. ஒவ்வொரு முறையும் மெக்கானிக்குக் கை பரபரக்கும். எதையாவது கழற்றி மாட்ட வேண்டும்போல் இருக்கும். மருந்தைக் கொடுத்துவிட்டு, முதலாளி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கழுத்தைத் தடவிக்கொண்டு காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு அவருக்குச் சுலபமாக வரவில்லை. மூன்றாவது முறை வந்தபோது கொஞ்சம் பழகியிருந்தது.

ஒன்றரை வயதில் முதலாளி முப்பத்தாறு கிலோ. நொண்டல் நின்று நாலு மாதமாகியிருந்தது. ஒரு ஞாயிறு காலை அவரும் மச்சானும் முதலாளியும் ஆற்றோரப் பாதையில் நடந்தார்கள். மச்சான் கயிற்றைக் கழற்றிவிட, முதலாளி புல்வெளியில் குறுக்கும் நெடுக்குமாகப் பறந்தார். மெக்கானிக் நின்ற இடத்திலேயே நின்று, முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று நாலு காலும் தரையில் விழுவதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, நொண்டுதா?"

"தெரியல. ஓடறத மட்டும்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் பாதையோரம் இருந்த பெஞ்சில் மச்சானுக்கும் இடம் விட்டு உட்கார்ந்தார்.